ஸ்கோர் நோட்டு நமக்கு, மைக் அவங்களுக்கா?

1

1993-ஆம் வருஷம் காணும் பொங்கல். திருக்கனூர்ப் பக்கம் ஏரி ஓரத் தரிசில் ஒரு கிரிக்கெட் பந்தயம். டென்னிஸ் பந்து, எட்டு டீம், புளிய மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி. மைக் பிடிக்க வேண்டிய ஆள் வரவில்லை. நான் அப்போது காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் வாயாடி. "இவன் நல்லா பேசுவான், ஒக்கார வை" என்று கூடப் படித்தவன் ஒருவன் என்னை இழுத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டான்.

ரெண்டு மேட்ச் முடியும்வரை நான்தான் பேசினேன். வானொலியில் கேட்ட தமிழ் வர்ணனையும் எங்கள் தெருப் பேச்சும் கலந்து என்னவோ ஒன்று வந்தது. "பந்து மல்லாட்டக் கொல்லைக்குள்ள பூந்துடுச்சி, தேடுற ஆளு பாம்பு பாத்து போப்பா" என்று சொன்னபோது ஊர்த்தெரு, காலனி என்று பார்க்காமல் எல்லா ஜனமும் சிரித்தது.

மூணாவது மேட்சுக்கு முன்னால் பெரியவர் ஒருத்தர் வந்தார். பந்தயம் நடத்திய பையன்களிடம் மெதுவாக ஏதோ கேட்டார். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்கள். பிறகு என்னிடம் வந்து, "டேய், நீ ஸ்கோர் நோட்ட எழுது. ஒனக்குக் கையெழுத்து நல்லா இருக்குதாமே. மைக்க குடுத்துடு" என்றார்கள்.

குடுத்துட்டேன். சண்டை போடவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

சாயங்காலம் வரை நோட்டு எழுதினேன். மைக்கில் உட்கார்ந்த புது ஆளுக்கு ஆட்டம் தெரியாது. என் நோட்டை எட்டிப் பார்த்துத்தான் ஸ்கோர் சொன்னான். ஊர்த்தெரு ஆட்டக்காரன் என்றால் அப்பா பேரையும் சேர்த்துச் சொன்னான். எங்கள் டீமுக்கு, "காலனி பேட்ஸ்மேன் அவுட்." அவ்வளவுதான். எங்கள் பையன்கள் பதினோரு பேருடைய பேரும் என் நோட்டில் இருந்தது. குழாய் வழியாக ஒரு பேர்கூட வெளியே போகவில்லை.

2

இத்தனை வருஷம் கழித்து இதைக் கிளற வைத்தது எல். சிவராமகிருஷ்ணன் 2021 நவம்பரில் எழுதிய ரெண்டு வரி. டிவியில் கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். இருபது வருஷத்துக்கும் மேலாக ஆங்கில வர்ணனை செய்தவர். அவருடைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இளைய தோழர்களுக்காக.

சென்னைக்காரர். 1965 டிசம்பர் 31-இல் பிறந்தவர். லெக் ஸ்பின்னர். 1983-இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆன்டிகுவா டெஸ்டில் முதன்முதலாக இந்தியாவுக்கு ஆடியபோது வயது 17. அதுவரை அவ்வளவு சின்ன வயதில் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடியவர் யாரும் இல்லை. 1989-இல் டெண்டுல்கர் வந்துதான் அந்தக் கணக்கை உடைத்தார். 1984 கடைசியில் இங்கிலாந்து இங்கே வந்தபோது பம்பாய் டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் ஆறு ஆறாக 12 விக்கெட் எடுத்து ஜெயிக்க வைத்தார். அந்தத் தொடரில் மட்டும் 23 விக்கெட். 1985-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் பாகிஸ்தானின் மியாண்டட் இவருடைய பந்தில் ஏமாந்து ஸ்டம்பிங் ஆனதைப் பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

அத்தோடு சரி. 1986 ஜனவரியில் சிட்னியில் கடைசி டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 20. மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். 1987 உலகக் கோப்பை அணியில் தலைகாட்டிவிட்டு இந்திய அணியிலிருந்து மறைந்துபோனார். திரும்பவும் அவர் பேரைக் கேட்டது 2000-இல், வங்கதேசம் தன் முதல் டெஸ்டை டாக்காவில் ஆடியபோது. இந்த முறை மைக்குக்குப் பின்னால். அதற்கப்புறம் எத்தனையோ சேனல், எத்தனையோ நாடு. 2013-இல் சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சிலின் கிரிக்கெட் கமிட்டிக்கு ஆட்டக்காரர்கள் பிரதிநிதியாகவும் போனார். இருபது வயதில் மைதானம் வெளியே தள்ளிய ஒருவர், குரலை வைத்து இரண்டாவது வாழ்க்கை ஒன்றைக் கட்டிக்கொண்டார். இது சின்ன விஷயமில்லை.

இப்படி எல்லாம் பார்த்த மனுஷன் 2021 நவம்பரில் ட்விட்டரில் எழுதியது இதுதான்: வாழ்நாள் முழுக்க நிறத்தைச் சொல்லி என்னைப் பாகுபாட்டோடு நடத்தியிருக்கிறார்கள், இப்போது அது என்னைப் பாதிப்பதில்லை, வருத்தம் என்னவென்றால் இது நம் சொந்த நாட்டிலேயே நடக்கிறது.

அந்த மாசம்தான் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் அணிக்கு ஆடிய அசீம் ரஃபீக், நாடாளுமன்றக் குழு முன்னால் உட்கார்ந்து தனக்கு நடந்த இனவெறிக் கொடுமைகளைச் சொல்லியிருந்தார். நம் ஊர்ப் பத்திரிகைகள் எல்லாம் "பார்த்தீர்களா வெள்ளைக்காரன் யோக்கியதையை" என்று எழுதிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் இவர், உள்நாட்டைக் கொஞ்சம் பாருங்கப்பா என்றார். அதற்கு நாலு வருஷம் முன்பு, 2017-இல், அப்போது இந்திய அணியில் இருந்த அபினவ் முகுந்தும் இதே வலியை எழுதினார். சின்ன வயசிலிருந்தே தன் தோல் நிறத்தைக் கேலி செய்கிறார்கள் என்றார். பின்னால் அவரும் வர்ணனைக்கு வந்தார். கேலி ஒரு பக்கம் நடக்க, ஓவருக்கு ஓவர் இடையில் சிவப்பழகுக் களிம்பு விளம்பரமும் ஓடியது. 2020-இல் அந்தக் களிம்பின் பேரை மாற்றினார்கள். சரக்கு அதேதான்.

3

சிவராமகிருஷ்ணன் என்ன சாதி என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. அவரை நம்ம ஆள் என்று இழுத்துவந்து நிறுத்துவதும் என் நோக்கமில்லை. எனக்குப் பட்டது வேறு. இந்திய அணிக்கு ஆடி, உலகம் சுற்றி, இருபது வருஷம் மைக் பிடித்த ஒருவருக்கே, "என்னை அவமானப்படுத்தினார்கள்" என்று சொல்ல அந்த மைக் உதவவில்லை. வீட்டில் உட்கார்ந்து போனில்தான் எழுத வேண்டியிருந்தது. அதுவும் ரெண்டு வரி. அடுத்த நாள் செய்தியாயிற்று, அதற்கடுத்த நாள் மறந்துபோயிற்று.

நிறத்தை வைத்து ஆளை அளப்பது எங்கிருந்து வந்தது? "கறுத்த பார்ப்பானையும் வெளுத்த பறையனையும் நம்பாதே" என்று பழமொழி வைத்திருக்கிற சமூகம் இது. இன்ன சாதிக்கு இன்ன நிறம் என்று ஒரு கணக்கு. கணக்கில் அடங்காதவன் மேல் சந்தேகம். கறுப்பை இளக்காரமாகப் பேசுகிறவன் சாதியைத்தான் பேசுகிறான். நிறத்தைச் சொல்லிக் காயப்பட்டேன் என்றால் இந்த நாட்டில் "அய்யோ பாவம்" என்றாவது சொல்வார்கள். சாதியைச் சொல்லிக் காயப்பட்டேன் என்றால்? "விளையாட்டில் எதுக்குங்க சாதி" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

விளையாட்டில் சாதி இல்லை என்பவர்கள் அதே 2021-ஐத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஜூலை மாசம் டிஎன்பிஎல் தொடக்க ஆட்டம். வர்ணனையில் சுரேஷ் ரெய்னா. சென்னைப் பண்பாடு உங்களுக்கு எப்படி ஒத்துப்போயிற்று என்று கேட்கிறார்கள். நானும் பிராமணன்தானே, 2004-இலிருந்து சென்னையில் ஆடுகிறேன், இந்தப் பண்பாடு எனக்குப் பிடிக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். நேரடி ஒளிபரப்பு. சென்னையின் பண்பாடு என்றால் எது, அது யாருடையது என்று ஒரே மூச்சில் முடிவு கட்டியாகிவிட்டது. பறையும் கானாவும் வடசென்னைக் குத்துச்சண்டையும் அந்தச் சென்னைக்குள் வராது. அந்த சர்ச்சை ஓயும் முன்னால் ஜடேஜா, தான் என்றைக்கும் ராஜபுத்திரப் பையன் என்று ட்விட்டரில் போட்டார்.

ரெண்டு வாரம் கழித்து டோக்கியோ ஒலிம்பிக். ஜூலை 31-இல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். ஆகஸ்ட் 4-இல் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றது. அன்றைக்கு ஹரித்வார் பக்கம் ரோஷ்னாபாத் கிராமத்தில் அவருடைய வீட்டுக்கு வெளியே பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகம், அதனால்தான் தோற்றது என்று சாதியைச் சொல்லித் திட்டினார்கள். குடும்பத்தார் போலீசில் புகார் கொடுத்தார்கள், கைதும் நடந்தது.

ஜூலையில் ஒருவர் தன் சாதியை மைக்கில் சொல்லிச் சிரிக்கிறார். ஆகஸ்டில் ஒரு பெண்ணின் சாதியை வாசலில் நின்று சொல்லிக் கூத்தாடுகிறார்கள். நவம்பரில் ஒருவர் தன் காயத்தைப் போனில் எழுதுகிறார். மூன்றும் ஒரே வருஷம், ஒரே நாடு. சாதியைச் சொல்வதில் இவர்களுக்குப் பிரச்சினை இல்லை தோழர்களே. யார் சொல்வது, எந்த மைக்கில் சொல்வது என்பதில்தான் பிரச்சினை.

4

வேறு மாதிரி நடக்க முடியுமா? ஒருமுறை நடந்தது. 2020 ஜூலை 8, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன். மேற்கிந்தியத் தீவுகளோடு டெஸ்ட் தொடங்க வேண்டும், மழை. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டை மே மாசத்தில் போலீஸ் கொன்றிருந்தது. ஸ்கை சேனலில் மைக்கேல் ஹோல்டிங் பேசினார். ஜமைக்காக்காரர், 60 டெஸ்டில் 249 விக்கெட் எடுத்த வேகப்பந்து வீச்சாளர், அதற்கப்புறம் பல வருஷம் டிவி வர்ணனையாளர். இங்கிலாந்துக்கு ஆடிய முதல் கறுப்பினப் பெண்ணான எபொனி ரெயின்ஃபோர்ட் பிரென்ட்டும் பேசினார்.

ஹோல்டிங் கெட்ட வெள்ளைக்காரன் ஒருவனைத் திட்டிவிட்டு உட்காரவில்லை. பள்ளிக்கூடப் பாடத்தைப் பிடித்தார். மின்விளக்கு என்றால் எடிசன் என்று சொல்லிக் கொடுக்கிறீர்கள், அந்த விளக்கை நின்று எரிய வைத்த கார்பன் இழையைச் செம்மை செய்த லூயிஸ் லாடிமர் என்ற கறுப்பரை ஏன் சொல்வதில்லை என்று கேட்டார். ஏசுவுக்கு ஏன் வெள்ளைத் தோலும் நீலக் கண்ணும் வரைந்தீர்கள் என்று கேட்டார். அடுத்த நாள் ஒரு பேட்டியில், தன் அப்பா அதிகக் கறுப்பு என்பதால் அம்மாவின் குடும்பம் அம்மாவோடு பேச்சையே நிறுத்திவிட்டதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். கறுப்பருக்குள்ளேயே நிறப் படிநிலை. நமக்கு இது புரியாதா? அகமணமும் படிநிலையும் நாம் பிறந்த அன்றிலிருந்து பார்ப்பதுதானே.

இங்கிலாந்து யோக்கியமான நாடு என்று நான் சொல்லவில்லை. ரஃபீக் கதையும் அங்கேதான் நடந்தது. ஆனால் ஒரு விளையாட்டுச் சேனல் தன் நேரத்தைக் கொடுத்தது, வர்ணனையாளர் அதைப் பயன்படுத்தினார். 2022-இல் அய்பிஎல்லின் ஐந்து வருஷ ஒளிபரப்பு உரிமையை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். அவ்வளவு பணம் புரளும் இந்தப் பெட்டிக்குள் வந்தனா கட்டாரியாவின் வாசலைப் பற்றிப் பேச நாலு நிமிஷம் ஒதுக்குவார்களா? ஒதுக்கினாலும் பேச அங்கே யார் இருக்கிறார்கள்? தன்னைத் தலித் என்று சொல்லிக்கொண்டு இந்திய டிவியில் கிரிக்கெட் வர்ணனை செய்த ஒரு குரலை நான் கேட்டதில்லை.

5

உடனே "தகுதி" என்பார்கள். டெஸ்ட் ஆடியிருக்கணும், அப்போதுதான் பேச முடியும் என்பார்கள். ஹர்ஷா போக்ளே எத்தனை டெஸ்ட் ஆடினார்? ஒன்றுமில்லை. ஹைதராபாத்காரர், அகமதாபாத் ஐஐஎம்மில் படித்தவர், வானொலியில் தொடங்கி உலகப் பேர் வாங்கினார். அவர் திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. ஆர்ஜே பாலாஜி பண்பலை வானொலியிலிருந்து தமிழ் வர்ணனைக்கு வந்தார், ஜனம் ரசித்தது. ஆக ஆடாமலும் பேசலாம். அப்படியானால் ஆடியும் ஆடாமலும் உள்ளே போகிறவர்களுக்குக் கதவைத் திறப்பது எது? ஆங்கிலம், பட்டணத்துப் படிப்பு, கிளப் பழக்கம், "நம்ம பையன்தான்" என்கிற ஒரு வார்த்தை. நமக்கு இல்லாதது கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். அதற்குப் பேர் தகுதி.

செய்தித் துறை முழுக்க இந்தக் கதைதான். 1996-இல் பி.என். உனியால் தில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடி ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்று எழுதினார். 2006-இல் தில்லியில் தேசிய ஊடகங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். தலித், பழங்குடி ஒருவரும் இல்லை. 2019-இல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து செய்த ஆய்வில் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 மேல்சாதியினரிடம். தலித், பழங்குடி பூஜ்யம். 1996, 2006, 2019. நம்முடைய ஸ்கோர் மாறவே இல்லை. இந்த மூன்று கணக்கும் செய்தியறையை எண்ணியவை. வர்ணனைப் பெட்டியைத் தனியாக எண்ணக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அங்கே எல்லாம் ஒப்பந்த வேலை, இடஒதுக்கீடு என்ற பேச்சே கிடையாது.

குரல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பல்வங்கர் பாலுவே சாட்சி. சமார் சாதியில் பிறந்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். புனாவில் இந்து அணிக்குப் பந்து போட்டு வெள்ளைக்காரனை ஜெயித்துக் கொடுத்தார். ஆட்ட இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தூக்கியெறியும் மண் குவளையில் டீ. 1911-இல் இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தார். கடைசிவரை அவரைக் கேப்டன் ஆக்கவில்லை. அவருடைய தம்பி விட்டல்தான் 1923-இல் இந்து அணிக்குக் கேப்டன் ஆனார். 1937 தேர்தலில் பாலு காங்கிரஸ் ஆளாக அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். அது வேறு விவாதம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இத்தனை பெரிய ஆட்டக்காரர் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 114 என்ற எண் ஸ்கோர் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. டீ குடித்த குவளையைப் பற்றி எந்த வர்ணனையாளன் சொன்னான்? எண்ணை எழுத நம்மை விடுவார்கள். கதையைச் சொல்லத்தான் விடமாட்டார்கள்.

6

தமிழில் வர்ணனை வந்தபோது எனக்குச் சந்தோஷம்தான். 1980-களில் வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் குரலைக் கேட்டுத்தான் நான் வாய் திறக்கக் கற்றேன். 2020-இல் அவர் மறைந்தபோது வாத்தியாரை இழந்த மாதிரி இருந்தது. 2017-இல் தமிழுக்கென்று தனி விளையாட்டுச் சேனலே வந்தது. புரோ கபடி 2014-இல் வந்து, ஏரிக்கரையிலும் களத்துமேட்டிலும் கிடந்த நம் ஆட்டத்துக்கு வெளிச்சம் போட்டது. 2018-இல் புதுச்சேரி அணி ரஞ்சிக் கோப்பைக்குள் போயிற்று. நம் பக்கத்துத் துத்திப்பட்டு மைதானத்தில் ரஞ்சி ஆட்டமே நடக்கிறது. திருக்கனூர்ப் பையன் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஆனால் எந்தத் தமிழ்?

எங்கள் காலனியில் ஒரு பையன் இருக்கிறான். டிகிரி படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களை போனில் நேரலையாகப் போடுகிறான், வர்ணனையும் அவனே. ஒருநாள் கூட உட்கார்ந்து கேட்டேன். என்னோடு பேசும்போது, "அண்ணே, இன்னா அடி அடிச்சான் பாத்தியா, பந்து ஆத்துலயே வுழுந்துடுச்சி" என்கிறவன், போனைத் தூக்கியதும், "மிகச் சிறப்பான ஓர் ஆட்டம், அற்புதமான ஒரு சிக்ஸர்" என்கிறான். சங்கராபரணி அவன் வாயிலிருந்து காணாமல் போய்விட்டது.

"ஏன்டா தம்பி?" என்றேன்.

"நம்ம பேச்சு பேசுனா எந்தத் தெருன்னு கண்டுபுடிச்சிடுவாங்கண்ணே. கீழ கமெண்ட்ல வந்து எழுதுவானுங்க."

எனக்குப் பதில் வரவில்லை. 1993-இல் பெரியவர் ஒருத்தர் நேரில் வந்து மைக்கை வாங்கிப் போக வேண்டியிருந்தது. இப்போது யாரும் வர வேண்டியதில்லை. நம்ம பையனே தன் குரலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மைக்கைத் தொடுகிறான்.

இதே புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ராஜ் கௌதமன் 1993-இல் "தலித் பண்பாடு" எழுதினார். நம்முடையது என்று எதையெல்லாம் இழிவாகச் சொன்னார்களோ, நம் பேச்சு உட்பட, அதையே எதிர்ப்பண்பாடாக எடுத்து நிறுத்த வேண்டும் என்று வாதாடினார். நாமும் கூட்டம் போட்டோம், கதையில் கவிதையில் நம் மொழியைக் கொண்டுவந்தோம். ஆனால் சிறுபத்திரிகையைப் படிப்பது முந்நூறு பேர். ஞாயிற்றுக்கிழமை நேரலையைப் பார்ப்பது அதைவிடப் பல மடங்கு. விளையாட்டை நாம் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஸ்கோர் நோட்டை எழுதிவிட்டு வந்த அன்றைக்கே நான் அதை மறந்துவிட்டு அரசியலுக்குப் போனேன். அதுவும் அரசியல்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இப்போது மூன்று காரியம் செய்யலாம் என்று நினைக்கிறேன். மாணவத் தோழர்கள் தொடர்பியல் துறைகளில் படிக்கிறீர்கள், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலேயே மின்னணு ஊடகத் துறை இருக்கிறது. உங்களில் யாராவது இந்த வர்ணனைப் பெட்டிகளைக் கணக்கெடுங்கள். யார் பேசுகிறார்கள், எந்த ஊர், எந்தச் சமூகம், யார் மூலம் உள்ளே போனார்கள். எண்ணை எழுதத் தெரிந்தவர்கள் நாம், அதை வைத்தே கேள்வி கேட்போம். ரெண்டாவது, மாநில அரசும் சங்கங்களும் நடத்துகிற போட்டிகளில் மைக் பிடிக்கிறவர்களைத் திறந்த தேர்வு வைத்து எடுக்கச் சொல்லி மனு போடுவோம். பொதுப் பணத்தில் மைதானம் கட்டினால் மைக்கும் பொதுவில் இருக்கட்டும்.

மூணாவது நம் கையில் இருப்பது. வரும் ஏப்ரல் 14-க்கு எங்கள் காலனியில் கபடியும் கிரிக்கெட்டும் நடத்துகிறோம். ஊர்த்தெரு டீமையும் கூப்பிட்டிருக்கிறோம், வந்தால் அப்பா பேர் சேர்த்தே அவர்களையும் அறிவிப்போம். எங்கள் பையன்கள் ஒவ்வொருவருடைய முழுப் பேரும் குழாய் வழியாக ஊருக்குள் போகும். பெண்கள் கபடிக்குப் பெண்களே மைக் பிடிக்கிறார்கள், ரெண்டு பேர் ஒத்திகையே பார்த்துவிட்டார்கள். அந்தப் போன் பையனிடமும் சொல்லியிருக்கிறேன்: "ஆத்துல வுழுந்தா ஆத்துலதான் வுழுந்துச்சின்னு சொல்லு." யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான். கமெண்டில் வந்து எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்ல நாலு பேர் கூடவே உட்காருகிறோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு ஸ்கோர் நோட்டு நான்தான் எழுதப் போகிறேன். கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. இந்த முறை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.